மினுக்கும் விளக்கும் தளர்ந்த நட்டும்

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும், நடக்கச் சிரமப்படுகிறவர்கள் கடைகண்ணிக்கும் மருத்துவரிடமும் போய்வர ஓட்டும் மொபிலிட்டி ஸ்கூட்டரின் கைப்பிடிப் பலகையில் ஒரு சின்ன விளக்கு உண்டு. வண்டி நன்றாக இருக்கும்வரை அது நிலையாக எரியும். கோளாறு என்றால் வண்டி அசையாது. விளக்கு மட்டும் மினுக்கும். இரண்டு முறை மினுக்கி, சற்று நிறுத்தி, மறுபடி இரண்டு முறை. எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு கையேட்டின் பட்டியலில் பார்த்தால் கோளாறின் பெயர் கிடைத்துவிடும். பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்று தீர்மானிக்கிற கன்ட்ரோலர், தனக்குத் தெரிந்ததைத் தானே சொல்லும் ஏற்பாடு இது. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வண்டிகளைப் பழுதுபார்க்கும் தொழிலின் வரலாற்றைப் பார்த்தால், இவ்வளவு தெளிவாகப் பேசும் பெட்டி இருந்தும் நல்ல கன்ட்ரோலர்கள் ஏன் கழற்றி எறியப்பட்டன, உண்மையான கோளாறு ஏன் வண்டியிலேயே தங்கிப்போனது என்ற கேள்வி எழுகிறது. அந்த விளக்கு, வண்டியை ஆபத்தில்லாமல் நிறுத்துவதற்காக வந்த ஏற்பாட்டின் ஒரு பகுதி. பழுதைக் கண்டுபிடிக்கும் வேலை அதன் தலையில் பிற்பாடு ஏற்றப்பட்டது. அந்த வேலைக்கு அது போதாது என்பதே என் வாதம்.

நம்மூரில் மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு வழங்கும், பின்னால் இரண்டு இணைப்புச் சக்கரம் பூட்டிய பெட்ரோல் ஸ்கூட்டரை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இது பேட்டரி வண்டி. நடைபாதையில் மனிதர் நடக்கும் வேகத்தில் போவது. இதன் மூதாதை சக்கர நாற்காலி. இரண்டாம் உலகப் போரில் முதுகுத்தண்டு அடிபட்டுக் கைகளிலும் வலுவிழந்த கனடா வீரர்களுக்காக, அந்நாட்டுத் தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் பொறியாளர் ஜார்ஜ் கிளைன் மின்சார நாற்காலி ஒன்றை வடிவமைத்தார். இரண்டு சக்கரங்களுக்கும் தனித்தனி ஓட்டம், ஒரு ஜாய்ஸ்டிக் பிடி. அதன் மாதிரி ஒன்று 1955-இல் அமெரிக்காவுக்கு அளிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அங்கே எவரெஸ்ட் அண்ட் ஜென்னிங்ஸ் நிறுவனம் மின்சார நாற்காலிகளைத் தயாரிக்கத் தொடங்கியது. 1968-இல் மிச்சிகன் மாநிலத்தில் குழாய் வேலையும் வெப்பமூட்டும் சாதன வேலையும் செய்துவந்த ஆலன் தீம், பல்கூறு தண்டுவட மரப்பு நோயால் நடை தளர்ந்த தன் குடும்பத்தவருக்காக ஒரு வண்டி கட்டினார். முன்சக்கரத்தில் மோட்டார், நடுவில் இருக்கை, பிடித்துத் திருப்ப ஒரு கைப்பிடி. அமிகோ என்று பெயரிட்ட அந்த வண்டியிலிருந்துதான் மொபிலிட்டி ஸ்கூட்டர் என்ற இனம் தொடங்குகிறது. பிரிட்டன் சட்டம் 1988-இல் இவற்றை வகைப்படுத்தியது: நடைபாதைக்கு மணிக்கு 4 மைல், சாலையில் ஓட உரிமை பெற்ற வகைக்கு 8 மைல்.

எலக்ட்ரானிக்ஸ் வருவதற்கு முந்தைய பேட்டரி வண்டிகளில் மறைவு என்று ஒன்றும் கிடையாது. வேகத்தைக் கூட்டக் குறைக்க, இரண்டு பேட்டரிகளைப் பக்க இணைப்பிலோ தொடர் இணைப்பிலோ மாற்றிப் போடுவார்கள். அல்லது நடுவில் ஒரு ரெசிஸ்டன்ஸ் கம்பியைச் சேர்த்தும் விலக்கியும் ஓட்டுவார்கள். மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் காண்டாக்டர் விழுந்தால் டொக் என்று கேட்கும். கருகினால் மணக்கும். பிரிட்டனில் வீடு வீடாகப் பால் போட்ட பேட்டரி வண்டிகள் பல்லாயிரம் ஓடிய காலம் அது. அவற்றைப் பராமரித்தவர்கள் காதையும் மூக்கையும் விரல் நுனியையும் கருவியாக வைத்துத் தொழில் கற்றவர்கள். ஜெனரல் எலக்ட்ரிக் 1957-இல் வெளிக்கொண்டுவந்த தைரிஸ்டர், 1960-களில் ஃபோர்க் லிஃப்ட், பால் வண்டி ஆகியவற்றின் கன்ட்ரோலருக்குள் நுழைந்தது. இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் நகரின் செவ்கான் இந்தத் துறையில் முன்னோடிகளில் ஒன்று. தைரிஸ்டர் மின்சாரத்தை நறுக்கி நறுக்கி அனுப்பும். அந்த நறுக்கல் நொடிக்குச் சில நூறு தடவைதான் என்பதால் மோட்டார் முனகும். முனகலின் சுருதி ஏறுகிறதா, தடுமாறுகிறதா, நடுவில் அறுபடுகிறதா என்று கேட்டே பாதிக் கோளாறை ஊகிக்க முடிந்தது. எலக்ட்ரானிக்ஸ் வந்த பிறகும் காதுக்கு வேலை இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்த வேலையைப் பறித்தது மாஸ்ஃபெட். 1970-களின் கடைசியில் சந்தைக்கு வந்த இந்தப் பவர் டிரான்சிஸ்டர், தைரிஸ்டரைவிடப் பல மடங்கு வேகமாகத் திறந்து மூடும். இன்றைய ஸ்கூட்டர் கன்ட்ரோலர்கள் நொடிக்கு ஏறத்தாழ 20,000 முறை நறுக்குகின்றன. மனிதக் காதின் எல்லையே அதுதான். வண்டி ஓசையில்லாமல் நகர்ந்தது. ஓட்டுபவருக்கு வசதி, மெக்கானிக்குக் கிடைத்த தடயம் ஒன்று போயிற்று. மழையும் அதிர்வும் தாங்க வேண்டும் என்பதற்காகப் பெட்டியை மூடினார்கள், சிலவற்றில் போர்டின் மேல் பிசின் ஊற்றி இறுக்கினார்கள். அதோடு கண்ணுக்கும் வேலை போனது. உள்ளே நான்கு மூலையில் நான்கு மாஸ்ஃபெட் தொகுதி, நடுவே மோட்டார். எதிரெதிர் மூலைகள் சேர்ந்து திறந்தால் முன்னோட்டம், மற்ற இரண்டு திறந்தால் பின்னோட்டம். சர்க்யூட்டின் அடிப்படை இவ்வளவுதான். இது எப்படிக் கெடும் என்பதில்தான் எல்லாச் சிக்கலும் தொடங்குகிறது.

மாஸ்ஃபெட் கெடும்போது பெரும்பாலும் மின்சாரத்தைத் தடுத்த நிலையில் ஓய்ந்துவிடாது. உள்ளே உருகி, ஷார்ட் ஆகி, மின்சாரத்தை முழுதாக விட்டுவிடும். ஃபோர்க் லிஃப்டில் இப்படி நடந்தால் ஓட்டுநர் குதித்து இறங்கலாம். மொபிலிட்டி ஸ்கூட்டரில் உட்கார்ந்திருப்பவர் இறங்க முடியாதவர் என்பதால்தானே அதில் உட்கார்ந்திருக்கிறார்? எனவே கன்ட்ரோலரை வடிவமைத்தவர்கள் அதைச் சந்தேகப் பிராணியாக வளர்த்தார்கள். சாவியைத் திருப்பியதும் அது முதலில் தன்னையும் தன்னோடு இணைந்த எல்லாவற்றையும் சோதிக்கும். ஆக்சலரேட்டர் பிடியோடு சேர்ந்த பொட்டென்ஷியோமீட்டர் நடுவில் நிற்கிறதா? அதன் இரு முனைகளிலும் வேண்டுமென்றே சிறு ரெசிஸ்டர்கள் சேர்த்திருப்பார்கள். கை எந்தப் பக்கம் எவ்வளவு அழுத்தினாலும் வோல்டேஜ் ஒரு வரம்புக்குள்தான் இருக்கும். வயர் அறுந்தால் வரம்பைத் தாண்டிப் போகும், உடனே தெரிந்துவிடும். சாவி திருப்பும்போதே பிடி அழுத்தப்பட்டிருந்தால் வண்டி கிளம்ப மறுக்கும். மோட்டார் சர்க்யூட் முழுதாக இருக்கிறதா, பிரேக் காயில் இணைந்திருக்கிறதா என்றும் பார்க்கும். இந்த வண்டிகளின் பார்க்கிங் பிரேக் ஸ்பிரிங்கால் பிடித்திருப்பது. 24 வோல்ட் வந்தால்தான் விடும். கரண்ட் போனால் தானே பிடிக்கும். எல்லாம் ஒரே நோக்கம்: சந்தேகம் வந்தால் நிறுத்து.

இந்த எச்சரிக்கை மிகையானது என்று யாரும் சொல்ல முடியாது. 1990-களின் தொடக்கத்தில், மின்சார நாற்காலிகளும் ஸ்கூட்டர்களும் யாரும் தொடாமலே நகர்ந்ததாகப் புகார்கள் எழுந்தன. போலீஸ் வயர்லெஸ், சி.பி. ரேடியோ போன்றவற்றின் அலைகள் கன்ட்ரோலரைக் குழப்புவதாகச் சந்தேகம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதை ஆராய்ந்து, 1994-இல் தயாரிப்பாளர்களை ரேடியோ அலையைத் தாங்கும் திறனைச் சோதிக்கச் சொன்னது. மீட்டருக்கு 20 வோல்ட் என்ற அளவு அன்றிலிருந்து கையேடுகளில் இடம்பெறுகிறது. 1997-இல் சர்வதேசத் தரநிர்ணய அமைப்பு, இத்தகைய வண்டிகளின் மின்கட்டுப்பாட்டுக்கென்றே ஐ.எஸ்.ஓ. 7176-இன் 14-ஆம் பகுதியை வெளியிட்டது. ஒரு வயர் அறுந்தால், ஒரு பாகம் ஷார்ட் ஆனால் வண்டி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதெல்லாம் வரையறுக்கப்பட்டது. பாதுகாப்பின் வரலாறாக இதைப் படித்தால் பெருமைப்பட நிறைய இருக்கிறது. ஆனால் நிறுத்திய பிறகு பழுதுபார்ப்பவருக்கு எதைச் சொல்ல வேண்டும், எந்தப் பொதுமொழியில் சொல்ல வேண்டும் என்பதற்கு இதற்கு இணையான அக்கறை எங்கும் காட்டப்படவில்லை.

விளைவு வேடிக்கையானது. உலகின் ஸ்கூட்டர் கன்ட்ரோலர்களில் பெரும்பங்கு இரண்டு ஊர்களிலிருந்து வளர்ந்தது. இரண்டின் பெயரும் கிறைஸ்ட்சர்ச். ஒன்று தென் இங்கிலாந்தில். அங்கே பென்னி அண்ட் ஜைல்ஸிலிருந்து வளர்ந்த பி.ஜி. டிரைவ்ஸ். மற்றது நியூசிலாந்தில்; அங்கே டைனமிக் கன்ட்ரோல்ஸ். ஊர்ப்பெயர் ஒத்துப்போனதே தவிர விளக்கின் கணக்கு ஒத்துப்போகவில்லை. முதலாவதின் எஸ்-டிரைவ் கன்ட்ரோலர் இரண்டு முறை மினுக்கினால் மோட்டார் இணைப்பில் கோளாறு. இரண்டாவதின் ரைனோ இரண்டு முறை மினுக்கினால் பேட்டரி அளவுக்கு மீறி இறங்கிவிட்டது. எஸ்-டிரைவில் ஒன்பது என்றால் பிரேக் இணைப்பு. ரைனோவில் பிரேக்குக்கு ஐந்து, ஒன்பது உள்கோளாறு. வெளியே ஸ்கூட்டர் கம்பெனியின் பெயர்தான் இருக்கும். உள்ளே யாருடைய பெட்டி என்று தெரியாமல் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பாகம் வாங்கினால், மோட்டார் மாற்ற வேண்டிய இடத்தில் பேட்டரி மாற்றியிருப்போம்.

கார்களின் கதையை அருகில் வைத்துப் பார்த்தால் இது இயல்பானதல்ல என்று தெரியும். ஜெனரல் மோட்டார்ஸ் 1981-இல் தன் கார்களில் இதே மினுக்கல் முறையைக் கொண்டுவந்தது. இரண்டு முனைகளை ஒரு துண்டு வயரால் இணைத்தால் டாஷ்போர்டு விளக்கு எண்ணைச் சொல்லும். அங்கேயும் ஆளுக்கொரு மொழிதான் இருந்தது. காற்று மாசைக் குறைக்க நினைத்த கலிபோர்னியாவும் பின்னர் அமெரிக்க அரசும் தலையிட்டன. 1996 முதல் அந்நாட்டில் விற்ற எல்லாக் கார்களிலும் ஒரே பிளக், பொதுவான குறியீடுகள். பி0300 என்றால் எந்தக் கம்பெனிக் காராக இருந்தாலும் இன்ஜின் சிலிண்டர்களில் ஒழுங்கற்ற மிஸ்ஃபயர். எந்தத் தெருமுனை மெக்கானிக்கும் ஒரு ரீடரை வாங்கிப் படிக்கலாம். காற்றுக்காக வாதாட ஒரு வாரியம் இருந்தது. நடக்க முடியாதவரின் வண்டிக்கு அப்படி யாரும் இல்லை. ஆகவே கார்கள் விட்டுவந்த நிலையிலேயே ஸ்கூட்டர்கள் நின்றுவிட்டன.

எண்கள் ஒன்றாகிவிட்டால் போதுமா என்றால், போதாது. எண் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அது கன்ட்ரோலரின் முனையில் தென்பட்டதை மட்டுமே சொல்கிறது. இதற்கு நல்ல சான்று எஸ்-டிரைவின் ஒன்றும் பத்தும். ஒரு மினுக்கல் என்றால் பேட்டரி இறங்கிவிட்டது. பத்து என்றால் வோல்டேஜ் மிகையாகிவிட்டது. ஒன்றுக்கொன்று எதிரான நோய்கள் போலத் தெரியும். ஒரு தளர்ந்த நட்டு இரண்டையும் உண்டாக்கும். பேட்டரி டெர்மினலில் நட்டு சரியாக இறுகாமல் இருக்கிறது, அல்லது பச்சை பூத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டி மேட்டில் ஏறும்போது மோட்டார் 40 ஆம்பியர் கேட்கிறது. இணைப்பில் 0.1 ஓம் தடை இருந்தால் அங்கேயே 4 வோல்ட் காணாமல் போகும். 24 வோல்ட் பேட்டரி கன்ட்ரோலருக்கு 20 வோல்டாகத் தெரியும், பேட்டரி தீர்ந்தது என்று அது முடிவுகட்டும். அதே இடத்தில் 160 வாட் வெப்பமாக எரிகிறது என்பதால் கனெக்டரின் பிளாஸ்டிக் பழுப்பேறி இளகும். இப்போது வண்டி இறங்குகிறது. இறக்கத்தில் மோட்டாரே ஜெனரேட்டராகி மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். வண்டியின் வேகத்தை அடக்குவதே அந்தத் திருப்பம்தான். தளர்ந்த நட்டு ஒரு குலுக்கலில் தொடர்பை விட்டுவிட்டால் அந்த மின்சாரம் போக இடமில்லை. கன்ட்ரோலருக்குள் இருக்கும் கெப்பாசிட்டரில் வோல்டேஜ் சட்டென்று ஏறுகிறது, பத்து மினுக்கல். ஒரே நட்டு, மேட்டில் ஒன்று, பள்ளத்தில் பத்து. இரண்டு தடவையும் கன்ட்ரோலர் பொய் சொல்லவில்லை. இரண்டு தடவையும் நட்டு எங்கே என்று அதற்குத் தெரியாது.

இந்த வகைக் கோளாறு பட்டறையில் பிடிபடாமல் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மெக்கானிக் வண்டியைக் கட்டைமேல் தூக்கி வைத்து, சக்கரம் அந்தரத்தில் சுழல, மல்டிமீட்டரை வைப்பார். மோட்டாருக்குச் சுமையில்லை, சில ஆம்பியர்தான் ஓடும், அந்த 0.1 ஓமில் இழப்பு அற்பம். மீட்டர் 25 வோல்டுக்கு மேல் காட்டும், பேட்டரி நன்றாக இருக்கிறது என்று எழுதிவிடுவார். இதில் டிஜிட்டல் மீட்டருக்கும் பங்குண்டு. அதன் உள்தடை வழக்கமாக 10 மெகா ஓம். அது இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். ஆயிரம் ஓம் அளவுக்குத் துருப்பிடித்த இணைப்பின் வழியாகக்கூட முழு 24 வோல்டையும் அது காட்டும். பால் வண்டிக் காலத்து மெக்கானிக் கையில் இருந்த டெஸ்ட் லாம்ப், ஒரு பல்பும் இரண்டு வயரும், ஒரு ஆம்பியராவது இழுக்கும். அப்படிப்பட்ட இணைப்பில் அது எரியவே எரியாது. பிரிட்டனில் தபால் துறைப் பொறியாளர் டொனால்ட் மெக்கேடியின் யோசனையிலிருந்து 1923-இல் பிறந்து, 2008 வரை தயாரான ஏ.வி.ஓ. மீட்டரைப் பற்றி இன்றும் மரியாதையோடு பேசுகிறார்கள். இந்தக் குறிப்பிட்ட கோளாற்றுக்கு அந்த மீட்டரைவிடவும் பல்புதான் நல்ல சாட்சி. பல்பாலும் பிடிக்க முடியாத 0.1 ஓமுக்கு ஒரே வழி: வண்டி சுமையோடு ஓடும்போது மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈய டெர்மினலிலும் மறுமுனையை அதோடு இணைந்த வயரின் லக்கிலும் வைத்து, அந்த ஒரு விரல் தூரத்தில் எத்தனை வோல்ட் இழக்கிறது என்று பார்ப்பது. நல்ல இணைப்பில் எண் பூஜ்யத்தை ஒட்டியிருக்கும். நிறுத்திய வண்டியில், ஒரு முனையில் மட்டும் வைத்து, எண்ணைப் படிப்பது இந்தச் சோதனைக்கு ஈடாகாது.

எஸ்-டிரைவின் மற்ற எண்களின் கதையும் இதே சாயல்தான். மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்து, ஸ்பிரிங் எட்டாத நிலையில் நின்றால் இரண்டு மினுக்கும். பிரேக்கை விடுவிக்கும் ஃப்ரீவீல் நெம்புகோலைத் திருப்பி வண்டியை அரை அடி தள்ளினால் ஆர்மேச்சர் இடம் மாறி, தொடர்பு மீண்டு, கோளாறு மாயமாகிவிடும். அடுத்த வாரம் மறுபடி வரும். ஒன்பது மினுக்கினால் பிரேக் காயிலைச் சந்தேகிக்கத் தோன்றும். ஆனால் தள்ளிக்கொண்டு போவதற்காக நெம்புகோலைத் திருப்பிவிட்டு மறந்ததாகவோ, அதன் மைக்ரோ ஸ்விட்ச் வயர் கழன்றதாகவோ இருக்கலாம். காயிலின் தடை சில பத்து ஓம் இருக்கிறதா என்று அளந்தால் ஒரு நிமிடத்தில் தெளிந்துவிடும். எல்லாவற்றிலும் விசித்திரமானது எட்டு. எஸ்-டிரைவ் பட்டியலில் அதன் பெயரே கன்ட்ரோலர் கோளாறு. ஆனால் அந்தப் பட்டியலே, அந்த வரியிலேயே, எல்லா இணைப்புகளும் இறுக்கமாக உள்ளனவா என்று பார்க்கச் சொல்கிறது. கன்ட்ரோலர் தன்னையே குற்றவாளி என்று ஒப்புக்கொள்ளும் இடத்திலும், வயரைப் பார்த்துவிட்டு என்னை நம்புங்கள் என்று அதை வடிவமைத்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தப் பாதி வரியைத்தான் யாரும் படிப்பதில்லை.

பாகத்தை மாற்றுவதே பழுதுபார்ப்பு என்று தொழில் மாறிப்போனதற்கு மெக்கானிக்குகளின் சோம்பலைக் காரணம் காட்டுவது அநியாயம். தவறான முடிவைச் சரியென்று காட்டும் ஒரு பொறி இந்த வேலையிலேயே இருக்கிறது. கன்ட்ரோலரை மாற்ற வேண்டுமென்றால் அதில் நுழையும் எல்லாப் பிளக்குகளையும் கழற்ற வேண்டும். புதியதில் அவற்றை அழுத்திச் சொருக வேண்டும். கழற்றிச் சொருகும் அந்த உரசலில் கனெக்டர் முனைகளில் படிந்த கறை வழித்துப் போகிறது. பேட்டரி டெர்மினலையும் கழற்றித்தான் பூட்டுகிறார்கள். இந்த முறை இறுக்கிப் பூட்டுகிறார்கள். வண்டி ஓடுகிறது. பழைய பெட்டிதான் குற்றவாளி என்று நிரூபணமாகிவிட்டது. அந்தப் பழைய பெட்டியையே மறுபடி சொருகிப் பார்க்க யாருக்கு நேரம்? விமானத் துறை தொடங்கி எல்லா எலக்ட்ரானிக்ஸ் துறைகளிலும், கழற்றி அனுப்பிய பெட்டியைச் சோதித்துவிட்டுக் கோளாறு எதுவும் தென்படவில்லை என்று எழுதித் திருப்பி அனுப்புவது தனிப் பெயரோடு பேசப்படும் பழைய தலைவலி. ஸ்கூட்டர் தொழிலில் பெட்டி திரும்ப வருவதே அரிது என்பதால் அந்தத் தலைவலிகூட வருவதில்லை. சில நூறு பவுண்டு பில் மட்டும், பெரும்பாலும் ஓய்வூதியத்தில் வாழும் ஒருவரிடம் போகிறது.

இதற்குச் சொல்லப்படும் முதல் மறுப்பு: மினுக்கலே இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசமாக இருக்குமே? இருக்கும். சந்தேகமில்லை. மூடிய பெட்டி, ஓசையில்லாத மோட்டார், விட்டுவிட்டு வரும் கோளாறு. இவற்றுக்கு நடுவே எந்தப் பக்கம் தேடுவது என்ற திசையையாவது எண் தருகிறது. ஏழு மினுக்கும் எஸ்-டிரைவில் பேட்டரியைத் தோண்டிக்கொண்டிருப்பது வீண். ஆக்சலரேட்டர் பக்கம் போக வேண்டும். காதால் கேட்டுத் தீர்த்த காலம் பொற்காலம் என்று சொல்லவும் நான் தயாரில்லை. அந்த வண்டிகள் அடிக்கடி நின்றன. காண்டாக்டர் ஒட்டிக்கொண்டால் நிற்காமலும் போயின. எண்ணை எங்கே தொடங்கலாம் என்பதற்கு எடுத்துக்கொள்வதில் தவறில்லை. அதையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டு பாகத்துக்கு ஆர்டர் போடுவதில்தான் தவறு இருக்கிறது.

இரண்டாவது மறுப்பு கனமானது. இது மருத்துவச் சாதனம். அமெரிக்காவில் இதற்குரிய சட்டப்படி அப்படித்தான் பதிவாகிறது. விவரங்களை எல்லாருக்கும் திறந்துவிட்டால், வேக வரம்பையும் பிரேக்கின் கடுமையையும் யாரோ மாற்றி, ஓட்டுபவர் சரிவில் உருண்டால் யார் பொறுப்பு? நியாயமான பயம். ஆனால் இதில் இரண்டு காரியங்கள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. எவ்வளவு வேகம் என்ற அமைப்பை மாற்றுவது ஒன்று. என்ன நடந்தது என்ற பதிவைப் படிப்பது இன்னொன்று. பல கன்ட்ரோலர்கள் நடந்த கோளாறுகளைப் பதிவுசெய்து வைக்கின்றன. விளக்கு சொல்வதைவிட அந்தப் பதிவு விரிவானது. அதைப் படிக்க டீலரிடம் மட்டும் இருக்கும் புரோகிராமர் கருவி வேண்டும். மாற்றும் அதிகாரத்தைப் பூட்டிவைக்கக் காட்டும் காரணம், படிக்கும் உரிமையைப் பூட்டுவதற்குப் பொருந்தாது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் இந்தப் பூட்டை உடைக்க முனைந்தது. அங்கே மின்சாரச் சக்கர நாற்காலி பயன்படுத்துவோர் சாதாரணப் பழுதுக்கு வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் வீட்டில் முடங்கிக் காத்திருந்த அனுபவங்களைச் சட்டமன்றத்தில் எடுத்துச்சொன்னார்கள். 2022 ஜூனில் கையெழுத்தாகி 2023 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்த சட்டம், மின்சாரச் சக்கர நாற்காலிகளின் பாகம், கருவி, மென்பொருள், ஆவணம் ஆகியவற்றை உரிமையாளருக்கும் தனி மெக்கானிக்குக்கும் நியாயமான விலையில் தரும்படி தயாரிப்பாளர்களைப் பணித்தது. அமெரிக்காவில் இந்த வகைக்கு அதுவே முதல் சட்டம்.

போர்டைத் திறந்து மாஸ்ஃபெட் மாற்றுவது கட்டுப்படியாகாது, பிசின் ஊற்றியதைப் பிரிக்க முடியாது, ஆகவே பெட்டியை மாற்றுவதுதான் வழி என்பது மூன்றாவது வாதம். இதை நான் ஏறக்குறைய முழுதாக ஒப்புக்கொள்கிறேன். ஷார்ட் ஆன மாஸ்ஃபெட்டை மாற்றிவிட்டு அதை எது ஷார்ட் ஆக்கியது என்று பார்க்காமல் விட்டால், புதியதும் முதல் மேட்டிலேயே போகும். திறந்த பெட்டி முன்போல நீரைத் தாங்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. ஆனால் போர்டு கெட்டிருந்தால் என்ன செய்வது என்பதற்கு முன்னால், போர்டுதான் கெட்டதா என்ற கேள்வி நிற்கிறது. அதற்குப் போர்டைத் திறக்க வேண்டியதில்லை. பேட்டரி, மோட்டார் வயர்களைக் கழற்றி, கெப்பாசிட்டர் வடியச் சற்றுப் பொறுத்து, மீட்டரை டயோடு நிலையில் வைத்து, கன்ட்ரோலரின் மோட்டார் முனைகளுக்கும் பேட்டரி முனைகளுக்கும் இடையே அளந்தால், ஷார்ட் ஆன மாஸ்ஃபெட் பெரும்பாலும் வெளியிலிருந்தே காட்டிக்கொடுத்துவிடும். ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் விடுவதற்குக் கட்டுப்படியாகாது என்ற காரணம் பொருந்தாது.

இப்போது ஈய பேட்டரியின் இடத்தில் லித்தியம் வருகிறது. அதற்குள்ளேயே ஒரு காவல் போர்டு உண்டு. செல்கள் அளவுக்கு மீறி நிரம்பினாலோ தீர்ந்தாலோ அது பேட்டரியைத் தானாகத் துண்டிக்கும். மேட்டின் மேல் வீடு இருப்பவர் இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு, காலையில் கிளம்பி, நேரே இறக்கத்தில் இறங்குகிறார். மோட்டார் திருப்பி அனுப்பும் மின்சாரத்தை நிரம்பிய செல்கள் ஏற்க முடியாது. காவல் போர்டு துண்டிக்கிறது. மின்சாரத்துக்குப் போக்கிடமில்லாமல் கன்ட்ரோலரில் வோல்டேஜ் ஏறுகிறது, ஸ்பிரிங் பிரேக் சரிவின் நடுவில் கவ்வுகிறது. பத்து மினுக்கல். இந்தத் தடவை நட்டு இறுக்கமாகவே இருக்கிறது. துண்டித்த போர்டு, கன்ட்ரோலரோடு பேசும் தனி வயர் இல்லாத வண்டிகளில், யாரிடமும் எதுவும் சொல்வதில்லை. சில நொடிகளில் தானே மீண்டும் இணைந்தும் விடுகிறது. வண்டி பட்டறைக்கு வந்து சேரும்போது செல்கள் கொஞ்சம் இறங்கியிருக்கும், மீட்டரில் எல்லா எண்ணும் ஒழுங்காக இருக்கும். பட்டியலைப் பார்ப்பவருக்குக் கிடைக்கும் ஒரே பெயர், மறுபடியும், மிகை வோல்டேஜ்.